கண்டு கொடுத்தது

போருக்குப் புறப்படுகிற கர்ணன் பொன்னுருவியிடம் விடை கேட்கிறான். அவள் விட மாட்டேன் என்கிறாள். இரவு மூன்று மணி தாண்டிவிட்டது. முகவீணை அவள் அழுகையை வாங்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் கால்களுக்கு நடுவே வழி பார்த்துக் களத்துக்கு வருகிறார். கையில் ஐம்பது ரூபாய் நோட்டு, ஒரு ஊக்கு. பொன்னுருவியின் தோளில் அதைக் குத்துகிறார். கட்டியங்காரன் கையைத் தூக்க, மத்தளம் நிற்கிறது. இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், பொன்னுருவி வேஷம் கட்டிய கலைஞரைப் பாராட்டி அம்பது ரூபா அன்பளிப்பு, அவரும் அவர் குடும்பமும் அம்மன் அருளால நல்லா இருக்கணும் என்று அறிவிக்கிறான். பொன்னுருவி கைகூப்புகிறாள். மத்தளம் மறுபடி பிடிக்கிறது. விட்ட அடியிலிருந்து அவள் அழத் தொடங்குகிறாள்.

திருவண்ணாமலையிலிருந்து போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு என்று எந்தப் பக்கம் போய்ப் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கும் இது புதிதல்ல. நகரத்திலிருந்து வருகிற நாடக நண்பர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். நல்ல கட்டத்தில் நோட்டைக் குத்தி ரசத்தைக் கெடுத்துவிட்டார்களே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒருவர் செய்த காரியத்தை இன்னொருவர் எடைபோட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மேலும் செய்யவைப்பதற்கு நம்மிடம் பல வழிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, இப்போது கைபேசியில் ஒன்று. அவற்றோடெல்லாம் வைத்துப் பார்த்தால், அந்தப் பெரியவர் எழுந்து வந்த வழிதான் நேர்மையானது என்று நினைக்கிறேன்.

அவர் இரவு பத்து மணிக்குத் துண்டு விரித்து உட்கார்ந்தவர். திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் குரல் கொடுத்து வந்ததிலிருந்து பார்க்கிறார். பொன்னுருவி வேஷத்தைப் போன வருஷம் யார் கட்டினார்கள், அதற்கு முன் யார் கட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த விருத்தத்தில் எங்கே மூச்சு வாங்கவேண்டும், எங்கே வாங்கக் கூடாது என்பதும் தெரியும். இந்தப் பையன் வாங்காமல் தாண்டிவிட்டான். எழுந்து வந்தது அதற்காக. யாரோ எழுதிக் கொடுத்த படிவம் எதையும் அவர் நிரப்பவில்லை. நடந்து வந்து தன் கையால் குத்தினார், ஊரறியத் தன் பெயர் சொல்லப்பட நின்றார். நாளைக் காலை டீக்கடையில், 'அதுக்குப் போயா அம்பது ரூபா?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான். தீர்ப்புச் சொன்னவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தெரியாமல் தீர்ப்பு வாங்கியவர்களுக்குத்தான் புரியும். வேஷக்காரனுக்கும் ஒன்று புரிந்துவிடுகிறது: இந்த இடம்தான் ஊரைத் தொட்டது. அடுத்த ஊரில் அந்த இடத்துக்கு வரும்போது அவன் உடம்பே அதை நினைவில் வைத்திருக்கும்.

எல்லா நோட்டும் இப்படி வருவதில்லை. நள்ளிரவில் வண்டியில் வந்து இறங்கி, ஆடுகிறவன் கர்ணனா துச்சாதனனா என்று கூடத் தெரியாமல், ஐந்நூறு ரூபாயை நீட்டிவிட்டுப் போகிற பிரமுகர்கள் உண்டு. அவர்களுக்கான அறிவிப்பும் நீளமாக இருக்கும். கட்சிப் பதவி, பட்டம், அண்ணன் தம்பி பெயர் எல்லாம் வரும். கலைஞர்கள் அதையும் கைகூப்பி வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கத்தான் வேண்டும். வெற்றிலை பாக்கு மாற்றிப் பேசிய தொகையை வேஷக்காரர், மத்தளக்காரர், பெட்டிக்காரர் என்று பிரித்தால் ஆளுக்கு வருவது கொஞ்சம்தான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். கூத்தாடி என்பது இந்த ஜில்லாவில் நெடுங்காலம் வசைச்சொல்லாக இருந்தது. ஆடியவர்களில் பலர் ஊருக்கு ஊழியம் செய்யும் சாதிகளில் பிறந்தவர்கள், கொடுத்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். நோட்டைக் குத்திய கையும் குத்தப்பட்ட தோளும் சமமாக இருந்ததில்லை. அந்த வரலாற்றை மறைத்துவிட்டு இந்த வழக்கத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனாலும் ஐம்பது ரூபாய்ப் பெரியவர் ஒரு பக்கம், ஐந்நூறு ரூபாய்ப் பிரமுகர் ஒரு பக்கம் என்று வந்தால், ஆடுகிறவர்கள் யாரைப் பற்றிப் பல வருஷம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

களத்தில் இன்னொரு மதிப்பீடும் நடக்கிறது. கூட்டத்துக்கு அது தெரிவதேயில்லை. வேஷக்காரனுக்குப் பின்னால் பெஞ்சில் பெட்டியும் மத்தளமும் தாளமும் முகவீணையும் உட்கார்ந்திருக்கின்றன. தன் முறை வராத மற்ற வேஷக்காரர்களும் வந்து நின்று பின்பாட்டுப் பாடுவார்கள். முன்னால் நிற்பவன் ஓர் அடியைப் பாட, பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். வேஷம் கட்டிக் கொஞ்ச நாளே ஆன பையன் என்றால், அவன் சுருதி இறங்கும்போது பின்பாட்டு கொஞ்சம் ஏறும். அடி மறந்து தடுமாறினால் வாத்தியார் அடுத்த அடியின் முதல் சொல்லைத் தாளத்துக்குள்ளேயே போட்டுக் கொடுத்துவிடுவார். குரல் தேறிய பிறகு பின்பாட்டு தானாக இறங்கிவிடும். பிழையைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன. பையனுக்கு மானம் போகவில்லை, கதையும் நிற்கவில்லை. விடிந்து அரிதாரம் கழுவும்போது வாத்தியார் திட்டலாம். அந்தத் திட்டைக் கேட்டுக்கொள்கிற தெம்பு, ராத்திரி தன்னைத் தாங்கிப் பாடியவர் அவர் என்பதிலிருந்து வருகிறது.

மதிப்பெண்ணே செல்லாத நேரங்களும் கூத்தில் உண்டு. அர்ச்சுனன் தபசில் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். மேலேயிருந்து அவர் எறிகிற எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் முந்தானையில் ஏந்துகிறார்கள். துகிலுரிதலில் பாஞ்சாலிக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். நன்றாக நடித்தாரா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. அந்த வேஷத்தைக் கட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த மண்ணில் கலைஞரின் வேலையை மதிப்பது பற்றிய பேச்சு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துப் பேச்சு. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இந்தச் செங்கத்தை, அன்றைய செங்கண்மாவை, ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பற்றியது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடி. இதற்கு இன்னொரு பெயரும் உண்டு, கூத்தராற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தர், வறுமையோடு எதிரே வருகிற கூத்தருக்கு வழி சொல்கிறார். சேயாறு இந்தப் பாட்டில் ஓடுகிறது. நவிரமலை வருகிறது, அது இன்றைய பர்வதமலை என்பார்கள். இன்றைக்குப் பாரதக் கூத்து நடக்கிற அதே ஆற்றுப் படுகைக்குள் ஆடுகிறவர்களுக்காகவே ஒரு பெரும்பாட்டு பாடப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பரிசுப் பட்டியல் ஆற்றுப்படைகளில் வழக்கமாக இருக்கும். பொற்றாமரை, அணிகலன், யானை, தேர், ஆநிரை. அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாட்டின் தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், யாழ் என்று கருவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றைப் பலாக்காய்க் கொத்துப் போலப் பையில் கட்டித் தோளில் தூக்கி வருவதையும் புலவர் சொல்லிவிடுகிறார். சுமையைப் பார்த்தவர் அவர். பிறகு அடிகள் பெரும்பாலும் வழிக்கே போகின்றன. எங்கே பாம்பு ஒடுங்கும் குழி, எங்கே வழுக்குப் பாறை, யானையை விரட்டக் கவண்கல் எறிகிற இடம் எது, இருட்டினால் எங்கே தங்குவது என்பதெல்லாம் வருகிறது. நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர் என்று தெரிந்ததும், போகிற ஊரிலெல்லாம் சோறு போடுகிறார்கள். தினைச்சோறு, பால், மூங்கில் அரிசியும் அவரையும் சேர்த்த புளிங்கூழ். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. ஆடப்போகிறவர் என்பதற்கே ஊர் ஊராக மரியாதை. கடைசியில் மன்னன் முன் போய் நிற்கும்போது அவன் சொல்வதாக ஓர் இடம் வருகிறது. நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே போதும், வழியில் பட்ட சிரமமும் பெரிது என்கிற பொருளில் சொல்கிறான். ஆட்டத்தை எடைபோடுவதற்கு முன்னால், ஆடவந்தவர் நடந்துவந்த வழியை எடைபோடுகிறான்.

எந்த அலுவலகத்தின் வருடாந்தர மதிப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது?

புறநானூற்றில் இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் தாண்டி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போகிறார். தகடூர் மன்னன் அவன், நமக்கு அடுத்த தருமபுரிப் பக்கம். அவரை நேரில் பார்க்காமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசை வெளியே கொடுத்தனுப்பிவிட்டான். கொடுத்த பொருளில் குறை இல்லை. அன்போடுதான் கொடுத்தனுப்பினான். ஆனாலும் புலவர் வாங்கவில்லை. என்னை எப்படித் தெரிந்துகொண்டு இதைக் கொடுத்தான், கொடுத்ததை வாங்கிப் போக நான் வாணிகம் செய்கிறவனா, தினையளவு என்றாலும் என் தகுதி அறிந்து கொடுத்தால் அதுதான் இனிது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். பசியோடு மலை தாண்டி வந்தவர் சொல்கிற பேச்சு இது. வயிறு நிறைந்தவர் சொல்லியிருந்தால் இதற்கு இவ்வளவு கனம் இருந்திருக்காது. தன்னைப் பார்க்காத கண் தந்த பாராட்டு தனக்கு உரியதல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருவண்ணாமலையின் நவீன காலத்துப் பெருங்கதை ஒன்றும் ஒரு மதிப்பீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1896 ஆகஸ்ட் 29, மதுரை. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவன் வேங்கடராமன், ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக அதையே மூன்று முறை எழுதவேண்டும். இம்போசிஷன். இரண்டு முறை எழுதியாகிவிட்டது. மூன்றாவது முறை எழுத உட்கார்ந்தவன் தாளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்குக் கோபம் வந்தது. இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி ஒரு வார்த்தை கேட்டார். பையனுக்கு அது வசையாகப் படவில்லை, உண்மையாகப் பட்டது. பள்ளியில் ஸ்பெஷல் வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். அப்படியே என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு என்று அண்ணன் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டு ரயிலேறினான். அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் அந்தச் சீட்டில் மறக்காமல் எழுதியிருந்தான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிறகு 1950 ஏப்ரல் 14-ல் உடலை விடும்வரை ரமண மகரிஷியாக அறியப்பட்ட அவர் இந்த மலையடியை விட்டு எங்கும் போகவில்லை.

இந்தக் கதையைப் பக்தியோடு சொல்கிறவர்கள் இம்போசிஷனைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அங்கேதான் மனம் நிற்கும். ஒரே பக்கத்தை மூன்று முறை எழுதச் சொல்வது எதை அளக்கிறது? எழுதியதை யாரும் படிக்கப்போவதில்லை. எத்தனை முறை என்று எண்ணிப் பார்ப்பதோடு சரி. வாத்தியார் இல்லாமலே வேலை செய்கிற தண்டனை அது. அண்ணனின் வார்த்தை கடுமையானது, ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவரின் வார்த்தை. தம்பி பல வாரங்களாக எங்கே இருக்கிறான் என்பதை அந்த வீட்டில் கவனித்துச் சொன்னவர் அவர். இதைக் காட்டித் திட்டினால்தான் பிள்ளை உருப்படும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அப்படிக் கேட்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தையிலேயே ஒடிந்துபோயிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் வரலாறு எழுதவில்லை.

பிற்காலத்தில் மகரிஷி மற்றவர்களின் வேலையை எப்படிப் பார்த்தார் என்பதற்கு முருகனாரே சாட்சி. ராமநாதபுரத்துக்காரர், நல்ல தமிழ்ப் புலவர், 1923-ல் முதன்முதலாக இங்கே வந்தவர். மகரிஷி சொன்ன கருத்துகளை வெண்பாக்களாக எழுதிக் காட்டுவார். அவையே பின்னர் குருவாசகக் கோவை ஆயின. நன்றாயிருக்கிறது என்று தலையசைத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தால் முருகனார் மகிழ்ந்துதான் போயிருப்பார். மகரிஷி வரிவரியாகப் படித்தார், திருத்தினார். சில இடங்களில் தாமே வெண்பா எழுதிச் சேர்த்தார். புலமையில் ஊறிய ஒருவருக்கு, தான் குருவாகக் கொண்டவர் தன் தாளில் பேனாவை வைத்துத் தன்னோடு சேர்ந்து எழுதுவதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கூத்து வாத்தியாரின் பின்பாட்டும் ஆசிரமத்துப் பேனாவும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. பிழையைச் சொன்னவர் அந்தப் பாட்டுக்குள்ளே வந்துவிட்டார்.

மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் நம் ஊர்ச் சாலைகளைப் பார்க்கவேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலா பக்கமும் பிளெக்ஸ். முதல் வரிசையில் பெரிய படங்கள், கீழே வரவரச் சிறியவை. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஓர் எண். 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. மிக நல்ல முடிவு. அதற்கு முன்னெல்லாம் முடிவு வருகிற காலையில் ஒரு மாநிலமே மூன்று பிள்ளைகளின் வாயில் இனிப்பை ஊட்டிப் படம் எடுத்துவிட்டு, மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகளை மறந்துவிடும். ஆனால் தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் போகவில்லை. அது பிள்ளையைப் பாராட்ட வைத்ததல்ல, அடுத்த வருஷச் சேர்க்கைக்கு வைத்தது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்து, வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுகிற பெண்ணின் படம் எந்தச் சாலையிலும் இருக்காது. அவள் வாங்கிய மதிப்பெண் பிளெக்ஸில் இருக்கிறதைவிடக் குறைவாக இருக்கலாம். நன்னன் அவளைப் பார்த்திருந்தால் முதலில் அவள் வந்த வழியைக் கேட்டிருப்பான்.

பரிசைக் காட்டி வேலை வாங்குவதில் இன்னொரு சேதமும் இருக்கிறது. அதை 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் சோதித்துக் காட்டினார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து நர்சரிப் பள்ளி. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள, படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. பிறகு வகுப்பில் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு விலகிப் பார்த்தபோது, சொல்லிவைத்துப் பரிசு வாங்கிய பிள்ளைகள் மற்றவர்களைப்போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. நட்சத்திரம் கிடைத்தால்தான் வரைவது என்று நாலு வயதுக் குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுத்துவிட முடிகிறது. கூத்துக்காரர் பேசிய தொகைக்குத்தான் ஆட வருகிறார், அது அவர் கூலி, அதில் ஒரு பைசா குறையக் கூடாது. தோளில் குத்தப்படுகிற நோட்டு எப்போது வரும், வருமா என்பது அவருக்குத் தெரியாது. அதனால்தான் அது கூலியாகாமல் பாராட்டாகவே இருக்கிறதோ என்று நினைக்கிறேன்.

இப்போது நட்சத்திரம் பெரியவர்களுக்கும் வந்துவிட்டது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கிற பிள்ளைகள், விருந்தாளி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கைபேசியில் என்ன போடுவாரோ என்று காத்திருக்கிறார்கள். அடுப்படியில் நின்றவர் யார் என்று விருந்தாளிக்குத் தெரியாது. மூன்று நட்சத்திரம் ஏன் வந்தது என்று அடுப்படியில் நின்றவருக்கும் தெரியாது. உப்பா, நேரமா, மழையா, பக்கத்து மேசைச் சத்தமா? எதைத் திருத்திக்கொள்வது? இதே ஊரில் தேரடித் தெருப் பக்கம் காலை டிபன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போகிறவர், உள்ளே எட்டிப் பார்த்து, 'மாஸ்டர், இன்னிக்கு சாம்பார்ல முருங்கைக்கா நல்லா எறங்கியிருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவார். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் மறுநாள் முருங்கைக்காயை எப்போது போடவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

சென்ற நூற்றாண்டில் நம் கூத்துக்கு அப்படி எட்டிப் பார்த்துச் சொன்னவர் நாடகாசிரியர் ந. முத்துசாமி. 1970-களின் நடுவில் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் நடேசத் தம்பிரான் ஆடிய கூத்து அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அன்று பூட்டிய வண்டி என்ற நூலில் தான் கண்டதை எழுதினார். அந்தக் கட்டுரைகளில் கலை வாழ்க என்கிற பொதுப்பேச்சு கிடையாது. நடிகரின் உடம்பு என்ன செய்தது, குரல் என்ன செய்தது, அது ஏன் தன்னை அசைத்தது என்று சொல்லிப்போகிறார். படித்த தமிழர்கள் கூத்தைக் கீழாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மனிதர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். புரிசைக் கலைஞர்களுக்குப் பிறகு வந்த மேடைகளுக்கும் மதிப்புக்கும் அந்தப் பார்வை ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாவட்டக் கலை மன்றங்கள் வருஷந்தோறும் கலைஞர்களுக்கு விருது கொடுக்கின்றன. கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயதுவாரியாக ஐந்து. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிலிருந்து அறுபத்தைந்து தாண்டிய பெரியவர் வரை எல்லாருக்கும் இடம் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கலைஞர் விண்ணப்பத்தின் மூலமாகத்தான் மேசைக்கு வந்து சேர்கிறார் என்றால், காலமெல்லாம் துரியோதனன் வேஷம் கட்டியவரிடம் அதோடு இணைக்க என்ன இருக்கும்? அவரைப் பார்த்த ஊர்கள்தான் அவருக்குச் சான்றிதழ். அந்த ஊர்கள் எதுவும் கடிதத்தாளில் எழுதிக் கொடுக்கவில்லை.

தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் போய் உட்காரவேண்டும். நாற்காலியும் பொன்னாடையும் வேண்டாம், மணலில், ஊராரோடு. இரவு கட்டியங்காரன் வருகையிலிருந்து காலைப் படுகளத்தில் பாஞ்சாலி கூந்தல் முடிகிறவரை எழுந்திருக்காமல் பார்க்கவேண்டும். இன்ன ஊரில், இன்ன வேஷத்தில், இன்ன விருத்தத்தில் இவர் இப்படிச் செய்தார் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதவேண்டும். விருது மேடையில் 'கலைச்சேவையைப் பாராட்டி' என்ற வழக்கமான வாசகத்துக்குப் பதில் அந்தப் பக்கத்தை வாசித்து, தாளைக் கலைஞர் கையிலேயே கொடுத்துவிடலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா பங்குனியில் தொடங்கிவிடுகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் ஏதாவது ஒரு ஊரில் கூத்து இல்லாத இரவு இந்த ஜில்லாவில் அநேகமாக இருக்காது. எந்த ஊரில் என்றைக்குக் கூத்து என்பதை ஆரணி பஸ் ஸ்டாண்டு சுவரொட்டிகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.